ஒரு கைத்தட்டு கூடுதல்

பொய் சொல்வதென்று ஆன பிறகு அதைச் சின்னதாகச் சொல்வதில் எனக்கு எட்டு வயதிலேயே நம்பிக்கை கிடையாது. ஸ்கூலில் ஓணக் கொண்டாட்டத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று அப்பா கேட்டபோது, வள்ளத்தில் துடுப்புப் போடுகிறேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நானோ, வள்ளத்தின் அமரமே நான்தான் என்றேன். அமரம் என்றால் படகின் பின்கோடி. அங்கே நின்று படகைத் திருப்புகிறவன்தான் மற்றவர்களுக்கெல்லாம் குரல் கொடுப்பான். அப்பா சோற்றில் வைத்த கையை நிறுத்தினார்.

"அமரமால? அதுக்குச் சத்தம் வேணும்லா?"

இருக்கிறது என்று கத்திக் காட்டினேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தங்கை எழுந்து அழுதாள். அப்பாவுக்குத் திருப்தி.

உண்மையில் எனக்குக் கிடைத்திருந்தது விளக்கு.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில் வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஆரியசாலையில் ஒரு பாத்திர மொத்தக்கடையில் பித்தளைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடத்தை நடுவிரலால் சுண்டிப் பார்த்தே அதில் ஒட்டுப் போட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதே விரலால் என் தலையையும் சுண்டுவார். என்னிடம் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் மட்டும் எப்படியோ தப்பியது.

நான் படித்தது நடந்துபோகும் தூரத்தில் இருந்த, நாலாம் வகுப்புவரை உள்ள ஒரு எல்.பி. ஸ்கூல். பாடமெல்லாம் மலையாளம். ஓண விடுமுறைக்கு முந்தின நாள் அத்தப்பூக் கோலம், பாயசம், கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் இரண்டு நிகழ்ச்சி தர வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு வள்ளம். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்து, தென்னை மட்டையைத் துடுப்பாகப் பிடித்து, வஞ்சிப்பாட்டைக் கத்திக்கொண்டே இல்லாத தண்ணீரைத் தள்ள வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கைகொட்டிக்களி. நடுவில் குத்துவிளக்கை ஏற்றிவைத்து, அதைச் சுற்றிவந்து, குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆட வேண்டும். இப்படித்தான் என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. மூக்குக்குக் கீழே வாய் இருப்பதுபோல அது அப்படியே இருந்துவந்தது.

அதைக் கேள்வி கேட்டவள் பிந்து. அவள் என் வகுப்பு, அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கிணறு. அவளுடைய அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வழியில் பார்த்தால் என் கன்னத்தைத் தட்டி மிட்டாய் தருகிற, எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கிற மனிதர். அவர்கள் வீட்டில் பெரிய ரேடியோ ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அது இல்லாத குறையை நான் சுவரில் காது வைத்துத் தீர்த்துக்கொள்வேன். சில சாயங்காலங்களில் அவர்களே என் சிரமத்தைப் புரிந்துகொண்டதுபோல அதை உரக்க வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து பிந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சொந்த வீட்டில் பாட்டு ஓடும்போது அடுத்த வீட்டில் வந்து கணக்குப் போடுகிறாளே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இளப்பம் உண்டு.

டீச்சர் வழக்கம்போல எங்களை இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தபோது பிந்து எழுந்து நின்றாள்.

"டீச்சரே, எப்பவும் வள்ளம் இவங்களுக்கு மாத்திரமா?"

டீச்சர் அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல்லூரி அக்காக்களைவிடப் பெரியவராக எனக்குத் தோன்றவில்லை. அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், பிந்துவைப் பார்த்தார்.

"எந்தா மோளே, உனக்கு வள்ளம் வேணுமா?"

"வேணும்."

வேறு யாராவது என்றால் உட்கார் என்று சொல்லியிருப்பார்கள். டீச்சர் ஒரு நோட்டுத் தாளை இருபதாகக் கிழித்தார். பன்னிரண்டில் வள்ளம், எட்டில் விளக்கு என்று படம் வரைந்து மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார். யாருக்கு எது வருகிறதோ அதுதான். என் சீட்டைப் பிரித்தபோது விளக்கு சிரித்தது. எட்டு விளக்கில் ஐந்து பையன்கள், மூன்று பெண்கள். பிந்துவுக்கு வள்ளம். அதிலும் வகுப்பிலேயே பெரிய தொண்டை அவளுடையது என்பதால் அமரமும் அவளுக்கே போனது.

விளக்குக் கிடைத்த ஐந்து பையன்களும் இடைவேளையில் கூடிப் பேசினோம். இதிலிருந்து மானத்தோடு வெளியே வர ஒரே வழி, முழுசாகப் பெண்வேஷம் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. சவுரிமுடி, வளையல், உதட்டுச்சாயம் எல்லாம் வைத்து ஆடினால் எல்லோரும் சிரிப்பார்கள், நாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்கிவிடலாம். டீச்சர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"வேஷம் ஒண்ணும் வேண்டா. வெள்ளை முண்டும் சட்டையும் போதும். ஆண்குட்டிகளா நின்னே ஆடணும்."

அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்குத் தோன்றவில்லை. வேஷம் இருந்தால் அது வேறு யாரோ. வேஷம் இல்லாவிட்டால் அது நாங்கள்தானே?

அன்று சாயங்காலம் பிந்துவிடம் பேரம் பேசினேன். அவள் வள்ளச் சீட்டை எனக்குத் தந்தால் ஐந்து கோலிக்குண்டு. அவள் தலையை ஆட்டினாள். பத்து. பிறகு அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து தந்திருந்த பித்தளைப் பம்பரத்தையே எடுத்து நீட்டினேன். அதைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, திருப்பித் தந்துவிட்டாள்.

"எனக்கு வேண்டா. எனக்குக் கத்தணும்."

"இங்கேயே கத்தேன். யார் வேண்டாம்னா?"

"வள்ளத்துல நின்னா எத்ர கத்தினாலும் யாரும் ஒண்ணும் பறையமாட்டாங்க" என்றாள். பித்தளைப் பம்பரத்தின் அருமை தெரியாதவள் என்று நான் பம்பரத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று இரவுதான் அப்பா கேட்டார், நான் அமரக்காரன் ஆனேன்.

பொய் ஒரு நாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் டீச்சர், என் அப்பாவுக்குப் பாத்திரக்கடையில் வேலை என்று யாரோ சொல்லக் கேட்டு, பெரிய விளக்கு ஒன்று கடனாகக் கிடைக்குமா என்று சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார். அதை எங்காவது தொலைத்திருக்க வேண்டும். அந்த வயதில் எனக்குப் பொய் வந்ததே தவிர காகிதத்தைத் தொலைக்கும் துணிச்சல் வரவில்லை. அப்பா சீட்டைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொட்டப்பிள்ளையளுக்கு விளக்கு நம்ம கடையிலேருந்து. அமரம் நம்ம பய. பரவால்லியே!"

கடை முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த விளக்கை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். ஏறக்குறைய என் உயரம் இருக்கும். ஒரு கீறல் விழாமல் திரும்பி வர வேண்டும் என்பது பேச்சு. அதைத் தானே சுமந்துகொண்டு வருவதாகவும், வந்ததோடு மகனின் வள்ளத்தையும் பார்த்துவிட்டுப் போவதாகவும், அரைநாள் லீவும் சொல்லிவிட்டார். அதுவரை அவர் என் ஸ்கூல் வாசலைக் கடந்து உள்ளே வந்ததே இல்லை.

என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் டீச்சர் கண்டிப்பானவர். ஆட்டம் தெரியாமல் போனால் தனியாக நிறுத்தி ஆடவிடுவார். அதனால் ஸ்கூல் விட்டு வந்ததும் கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழகினேன். இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்தால் அம்மா இடுப்பில் தங்கையோடு கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னல இது?"

எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஏன் சொல்லுதேன்? இன்னொருக்கா ஆடு, பாப்போம்."

ஆடினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பல்லியத் தொட்டாப்புல கையத் தொட்டுக்கிட்டு நிக்க. தட்டுனா தட்டுனாப்புல இருக்கணும்லா. உள்ள வா."

உள்ளே போனதும் முதலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு கிணற்றடிக் கதவையும் போட்டாள். அடுக்களை நடுவில் ஒரு செம்பைக் கவிழ்த்து அதுதான் விளக்கு என்றாள். தங்கையைப் பாயில் உட்காரவைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். வட்டத்துக்கு இரண்டு பேராவது வேண்டுமே.

நான் டீச்சர் சொல்லித்தந்ததைச் செய்து காட்டினேன். மூன்று தட்டு, மூன்றாவதில் குனிந்து நிமிர்ந்து, அடுத்த அடி. அம்மா அதை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். நான் மூன்று நாளாகத் திண்டாடியதை ஒருத்தி ஒரு நிமிடத்தில் செய்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதோடு அவள் நிற்கவுமில்லை. மூன்றாவது தட்டில் குனிந்தவள், நிமிரும்போது குதிகாலை ஊன்றி வெளிப்பக்கமாக அரைச்சுற்றுத் திரும்பி, தலைக்கு மேலே இன்னொரு தட்டுத் தட்டினாள். பிறகுதான் அடுத்த அடி வைத்தாள்.

"டீச்சர் மூணுதான் சொன்னாங்க" என்றேன்.

"மூணுக்கு மேல ஒண்ணு தட்டுனா கை தேஞ்சா போகும்?"

அந்த நாலாவது தட்டு எனக்கும் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது வந்த பிறகுதான் ஆட்டமே பிடித்தது. திரும்பும்போது வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியதுபோல இருக்கும். ஆறு நாள், தினமும் அப்பா வருவதற்கு முன், அம்மாவும் நானும் கவிழ்த்த செம்பைச் சுற்றினோம். அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்துச் சிவந்துவிடும். சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பேச்சுப் பேசுவதற்குக்கூட அக்கம்பக்கத்தில் ஆளில்லாமல், கிணற்றடிக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தவள் அவள். சந்தில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் மட்டும் சட்டென்று நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் தேயும்வரை அசையாமல் இருப்பாள். என் ரகசியத்தைக் காப்பாற்ற இவ்வளவு பயப்படுகிறாளே என்று எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும்.

விழா நாளன்று எங்கள் ஐந்து பேரில் ஒருவன் வயிற்றுவலி என்று வரவில்லை. இன்னொருவன், வயிற்றுவலியை முதலாமவன் எடுத்துக்கொண்டுவிட்டதால், காதுவலி என்று சொல்லியனுப்பியிருந்தான். எனக்கும் ஒரு வலி தயாராகத்தான் இருந்தது. ஆனால் விளக்கைத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் நடக்கிற அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? கூடவே கடையில் சுமடு எடுக்கும் ஆட்கள் இரண்டு பேர் வேறு. அண்ணாச்சி மகன் அமரத்தில் நிற்பதைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை.

அப்பா விளக்கின் மூன்று துண்டுகளையும் மேடையில் வைத்துத் திருகி மாட்டினார். துணியால் துடைத்தார். முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எங்கள் வகுப்பின் வள்ளம் முதலில் வந்தது. பின்கோடியில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பிந்து நின்றாள். அவள் கொடுத்த முதல் குரலில் மைக்கே கிறீச்சிட்டது. மற்ற பதினொரு பேரும் மட்டையை வீசினார்கள். அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. டீச்சர் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் இறங்கினாள். அப்பா எட்டி எட்டிப் பார்த்து ஒவ்வொரு துடுப்பாக என்னைத் தேடினார். சுமட்டுக்காரர்களில் ஒருவர் அவர் காதில் ஏதோ கேட்டார். அப்பா தலையை ஆட்டினார்.

பிறகு விளக்கை ஏற்றினார்கள். வெள்ளை முண்டும் சட்டையுமாக மூன்று பையன்கள், பாவாடை சட்டையில் மூன்று பெண்கள். இரண்டாவதாக நான் போனேன். முன் பெஞ்சுப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. மூன்றுதான், மூன்றுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாவது சுற்றில் என் குதிகால் என்னைக் கேட்காமல் திரும்பிவிட்டது. தலைக்கு மேலே போன கை பின்னால் வந்த பையனின் மூக்கில் இடித்தது. அவன் தள்ளாடி விளக்கின் மேல் சாய்ந்தான். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக் காட்டிய விளக்கு அது. திருகு தேய்ந்துபோயிருக்கிறது என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. மேல்தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து எண்ணெய் ஒழுகியது.

அப்பா மேடைக்கு எப்படி வந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவருடைய இரண்டு கையும் விளக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாட்டு நின்றுவிட்டது. அவர் தண்டை ஆட்டிப் பார்த்தார்.

"தானா நிக்காது டீச்சர். ஆராவது பிடிச்சுக்கிடணும்."

"எங்கில் நீங்களே பிடிச்சுக்கோங்க. குட்டிகள் ஆடட்டும்."

டீச்சர் அதை ஒரு கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு விளக்கடியில் குந்தி உட்கார்ந்தார். அணைந்த திரியைத் தன் தீப்பெட்டியால் ஏற்றினார். பாட்டு மறுபடி தொடங்கியது. ஐந்து ஆண்பிள்ளைகள் உள்ளே வர வெட்கப்பட்ட வட்டத்தின் நடுவில் என் அப்பா மீசையோடு உட்கார்ந்திருந்தார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

நான் அவரைச் சுற்றி ஆட வேண்டியிருந்தது. பயத்தில் தலைக்குள் டீச்சர் சொன்னதெல்லாம் அழிந்துபோய்விட்டது. உடம்புக்கு நன்றாகத் தெரிந்தது அடுக்களை ஆட்டம்தான். அதைத்தான் ஆடினேன். மூன்று தட்டு, குனிந்து, அரைச்சுற்று, நாலாவது தட்டு. இடிபடாமல் இருக்க முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் தாங்களும் திரும்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அப்பாவின் முகம் பக்கத்தில் வந்து போகும். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா விளக்கைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். "அண்ணாச்சி, மோன் ஜோராக்கிட்டான்" என்று சுமட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அதற்கு ஒரு "ம்" மட்டும்தான். நான் கையில் பாயசக் கப்போடு பின்னால் நடந்தேன். ஒரு சுண்டுக்குக்கூட என் தலைமேல் படாத அந்தக் கை என்னை மிகவும் பயமுறுத்தியது.

வீட்டுக்குள் வந்ததும் விளக்கை நடு அறையில் இறக்கிவைத்தார். அம்மா அடுக்களை வாசலில் தங்கையோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏலே, அந்தக் கடைசித் தட்டு உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?"

வள்ளத்தைப் பற்றிக் கேட்பார், அமரத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்பார் என்று நினைக்கவில்லை. அம்மாவை மாட்டிவிடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"டீச்சர்" என்றேன்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

"நெய்யாற்றங்கரை."

"நெய்யாற்றங்கரைல ஏதுல இந்தத் தட்டு?" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "ஏட்டி, இது ஒரே ஒரு ஊர்லதான உண்டு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போயி வெளையாடு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாப் போதும்" என்று அப்பா சொன்னார். தங்கையை என் இடுப்பில் ஏற்றிவிட்டார். நான் படியிறங்கியதும் பின்னால் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சந்தில் நின்றேன். உள்ளே பளார் என்று ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று. நான் ஆடியதற்கு அம்மா அடி வாங்குகிறாள். கதவைத் தட்டப் பயம். தங்கையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடினேன். பிந்து தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் படியில் உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்தி அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

"அப்பா அம்மாவை அடிக்கிறார்" என்று அழுதேன்.

அவள் பதறவில்லை. எழுந்து வந்து எங்கள் கதவில் காதை வைத்தாள். சந்தில் வந்த சைக்கிள்காரனிடம் கையைக் காட்டி மணி அடிக்க வேண்டாம் என்றாள். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"அடியில்ல" என்றாள், கட்டிப்போன குரலில்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அடின்னா எண்ண முடியாது. இது எண்ணலாம். மூணு, பின்னே ஒண்ணு." மறுபடி காதை வைத்தாள். "பின்னே, அடின்னா முதல்ல ரேடியோவை உரக்க வெப்பாங்கல்லோ. உங்க வீட்ல வெக்கலயே."

"எங்க வீட்டுல ரேடியோவே இல்லையே."

"அப்போ அடியில்ல" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுத் தன் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். மூன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. உள்ளே கொலுசுச் சத்தமும் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு திறந்தபோது அம்மாவின் முகம் அந்த ஆறு நாட்களில் இருந்ததுபோலவே வேர்த்துச் சிவந்திருந்தது. அப்பா என் தலையைச் சுண்டினார். வலித்தது. அப்பாடா என்று இருந்தது.

அம்மா பல வருடம் கழித்துச் சொல்லித்தான் மீதி தெரிந்தது. அவளுடைய ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு விளக்குக் கொண்டுபோன அப்பா, முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடித்ததைப் பார்த்திருக்கிறார். அதில் நாலாவது தட்டைத் தட்டிய ஒருத்தியை விசாரித்துப் பெண் கேட்டு அனுப்பியிருக்கிறார். கல்யாணமாகி வந்தபின், வீட்டுக்கு வந்த மருமகள் தெருவில் நின்று கைதட்டுவதா என்று அப்பாவின் வீட்டார் சொன்னார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. இருவருமாகப் பத்து வருடம் அதைப் பற்றிப் பேசாமலே இருந்திருக்கிறார்கள். அந்த ஆறு நாளும் இரண்டு கதவையும் தாழ்ப்பாள் போட்டு அம்மா காப்பாற்றியது என் ரகசியத்தை அல்ல. அதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தையும், அப்பாமேல் வந்த வருத்தத்தையும் இன்றைக்கும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

ரேடியோவைப் பற்றிப் பிந்து சொன்னதற்கு அர்த்தம் தெரிய எனக்கு அதைவிட நாளாயிற்று. அதற்குள் அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

விழாவுக்கு மறுநாள், ஓண விடுமுறையின் முதல் நாள் சாயங்காலம், அவர்கள் வீட்டு ரேடியோ திடீரென்று உரக்கப் பாடத் தொடங்கியது. பிந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். விடுமுறையில் என்ன கணக்கு என்று அவளைக் கேலி செய்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நான் கிணற்றடிக்குப் போனேன். பாட்டு அங்கே இன்னும் நன்றாகக் கேட்டது. இப்போது அப்பாவுக்கும் தெரிந்துவிட்டதால் பயமில்லை. அந்தப் பாட்டுக்கு ஆடினேன். மூன்று தட்டு, குனிந்து, அரைச்சுற்று, பிறகு ஒன்று. மிக நன்றாகப் பொருந்தியது.